சாவி யார் கையில்?

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர யோசனை கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் என்னிடம் கேட்பது, “டீச்சர், அங்க என்னென்ன மெஷின் இருக்கு?” என்பதுதான். “சாவி யாருகிட்ட இருக்குன்னு விசாரிச்சியாம்மா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். சாவி வைத்திருக்கிறவர் திறந்தால்தான் அது கூடம். மற்ற நேரமெல்லாம் பூட்டிய கட்டடம். அவர் திறக்கிற நேரம் ஒரு தாய்க்கு ஒத்து வராவிட்டால், அவள் கையைப் பிடித்து வருகிற பிள்ளைக்கும், அவள் கூட்டி வர வேண்டிய மாமியாருக்கும் ஒத்து வராது. வாலிபப் பையன்கள் நாலு பேர் போய் வருவார்கள். நல்லதுதான். ஆனால் அதைக் குடும்பத்துக்கான இடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தருவைகுளத்தில். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி, கடலை ஒட்டிய ஊர். பி.டி. டீச்சராக மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் ஆண்கள் பருவலை போட்டுப் பெரிய மீன் பிடிக்கிறவர்கள். தூத்துக்குடித் துறைமுகத்து விசைப்படகுகள் விடியுமுன் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடும். எங்கள் படகுகள் தங்குகடல் போகிறவை. ஐஸும் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் கடலில்தான். 2023 அக்டோபரில் எங்கள் ஊர்ப் படகு ஒன்றையும் அதிலிருந்த 12 பேரையும் மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்து வைத்தபோதுதான், இவர்கள் எவ்வளவு தூரம் போய் வருகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரிந்தது.

அத்தனை நாளும் கரையில் வீட்டை நடத்துகிறவள் பெண். ஏலம், சுயஉதவிக் குழு, ரேஷன், பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் மாத்திரை எல்லாம் அவள் தலையில். அவளுக்கென்று கிடைக்கிற நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியச் சமையலுக்கு உலை வைக்கும் வரைக்குமான ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். டவுனில் பெரும்பாலான ஜிம்கள் அந்த நேரத்தில்தான் மூடிக் கிடக்கின்றன. அதிகாலையும் இரவும் திறப்பது ஆபீஸ் போகிற ஆணுடைய கணக்கு. லாபத்துக்கு நடத்துகிறவர் கூட்டம் வருகிற நேரத்தில் கடை திறப்பார். அதைக் குற்றம் சொல்ல முடியாது. பொதுவுக்கென்று நடத்துகிறவர் மட்டுமே, பத்துப் பேர் வருவார்கள் என்றாலும் காலை பத்து மணிக்குத் திறக்க முடியும். லாப நோக்கமில்லாத இடத்தைத் தேடச் சொல்வதற்கு என்னிடம் உள்ள முதல் காரணம் இதுதான். கட்டணம் குறைவு என்பது அதற்குப் பிறகுதான்.

“கடல்ல பாடுபடுறவனுக்கு எக்சர்சைஸ் எதுக்கு?” என்று படகு டிரைவரான என் தம்பியே கேட்பான். அவன் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். கல்லைப் பிடித்துக்கொண்டு அடிக்கடல் வரை இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கியவர்களை அவர்களுடைய வயதான காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். அறுபது வயதிலும் நெஞ்சு விரிந்து தோள் திரண்டு இருக்கும். கூடவே, பக்கத்தில் போய்ச் சத்தம் போட்டால்தான் காது கேட்கும். ஆழத்து அழுத்தம் செவியைத் தின்றிருந்தது. வேலை உடம்பின் ஒரு பக்கத்தை வளர்க்கும்போதே இன்னொரு பக்கத்தைத் தேய்க்கிறது. வலை இழுத்தவனுக்கு இடுப்பு போகிறது. தலையில் மீன்கூடை சுமந்தவளுக்குக் கழுத்தும் முழங்காலும் போகிறது. வேலை தொடாத தசைகளைத் தொடுவதும், வேலை இறுக்கிவிட்ட மூட்டுகளை இளக்குவதும்தான் உடற்பயிற்சி. இப்படிச் சொன்னால் தம்பி ஒத்துக்கொள்கிறான்.

பெண்கள் விஷயம் வேறு. என் அம்மா காலத்தில் கூடையோடு ஊர் ஊராக நடந்து மீன் விற்றார்கள். இன்று லோடு ஆட்டோ வந்துவிட்டது. அந்தச் சுமை இறங்கியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நடையும் அதோடு போய்விட்டது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரிய ஆய்வு 2023இல் சொன்னது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அது பெரிய காரியம். மாத்திரையோடு சேர வேண்டிய அசைவு மட்டும் யார் வாசலுக்கும் தானாக வராது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடம் ஓட்டம் விளையாட்டு. 65 வயதைத் தாண்டியவர்கள் விழாமல் இருக்க வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி: உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகள் இவை. கவனித்துப் பாருங்கள், ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று விதமான தேவை. மூன்றுக்கும் ஒரு கூரையின் கீழ் இடம் தருகிற அமைப்பு எது என்பதுதான் குடும்பங்கள் கேட்க வேண்டியது.

இந்த யோசனைக்கு நூற்றாண்டு தாண்டிய சரித்திரம் உண்டு. 1844 ஜூன் 6 அன்று லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைத் தொழிலாளி, தன்னைப் போன்ற இளைஞர்களுக்காகத் தொடங்கிய சங்கம் ஒய்.எம்.சி.ஏ. ஆரம்பத்தில் அது ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் கூடிய இடம். உடற்பயிற்சி பின்னால் வந்து சேர்ந்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளைத் தொங்கவிட்டுக் கூடைப்பந்தை உண்டாக்கினார். குளிர்காலத்தில் உள்ளுக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. நாலு வருஷம் கழித்து ஹோலியோக் ஊரில் வில்லியம் மார்கன் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் இன்னொன்றைக் கவனித்தார். நடுவயது ஆண்களுக்குக் கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் தாங்கவில்லை. அவர்களுக்காக நடுவில் வலை கட்டி, ஆளோடு ஆள் இடிக்காமல் ஆடும் விளையாட்டை அமைத்தார். அதுதான் வாலிபால். எங்கள் கரையில் மணலில் இரண்டு கம்பு நட்டுப் பழைய வலையைக் கட்டி ஆடுகிறார்களே, அந்த ஆட்டம் வயதானவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்தது. பி.டி. டீச்சராக எனக்கு அதில் தனிப் பெருமை.

சென்னைக்கு இந்த இயக்கம் 1890இல் வந்தது. நிறுவியவர் டேவிட் மெக்கானகி. 1920இல் ஹாரி குரோ பக் அங்கே ஓர் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இவர் அந்த ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியோடு பக் போனார். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் டிரில் பீரியட் என்று ஒன்று இருப்பதற்கும், என் போன்றவர்களுக்கு ஒரு வேலை கிடைத்ததற்கும் அந்தக் கல்லூரிக்குக் கடன்பட்டிருக்கிறோம். சேலத்தில் பிறந்த கே.டி. பால் இந்த இயக்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளராகி அதைக் கிராமங்கள் பக்கம் திருப்பினார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம முன்னேற்ற மையம் அந்த வழியில் வந்தது. மார்த்தாண்டம் தேன் என்று இன்றும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதற்கு அந்த மையத்தின் தேனீப் பெட்டிகளும் ஒரு காரணம். ஊரில் எது இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஒய்.எம்.சி.ஏ.விடமிருந்து நம் ஊர் அமைப்புகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கட்டண முறை என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் பல கிளைகளில், பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. வருமானத்தைக் காட்டினால் அதற்கேற்பக் கட்டணம் குறையும். முழுக் குடும்பத்துக்கும் ஒரே சந்தா உண்டு. கடற்கரைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று பாருங்கள். எங்கள் வருமானம் மாதச் சம்பளம் இல்லை. ஒரு தங்கலில் நல்ல பாடு வந்தால் கையில் பணம் இருக்கும். அடுத்த தங்கலில் டீசலுக்குக் கூடத் தேறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குடும்பத்துக்கு அரசு தருகிற நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். மாதா மாதம் ஒன்றாம் தேதி கட்டணம் கேட்கிற இடத்தில், தடைக்காலம் தொடங்கியதும் மீனவர் வீட்டுப் பிள்ளை நின்றுவிடும். ஆண்கள் கரையில் இருந்து, குடும்பம் மொத்தமும் சேர்ந்து வரக்கூடிய ஒரே காலமும் அதுதான். அந்த இரண்டு மாதத்துக்குக் கட்டணத்தைத் தள்ளிவைப்பீர்களா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்கிற நேரத்திலேயே அந்த அமைப்பின் மனசு தெரிந்துவிடும். டவுனில் ஒரு தனியார் ஜிம்மில் வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிய பக்கத்து வீட்டுப் பெண், கர்ப்பமான பிறகு மீதியைக் கேட்டு அலைந்து கடைசியில் விட்டேவிட்டாள்.

‘லாப நோக்கமற்றது’ என்று போர்டில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது சங்கமா, அறக்கட்டளையா என்று கேட்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேராவது சேர்ந்து பதிவு செய்வது சங்கம். அதில் உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும். அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளை அப்படி இல்லை. அறங்காவலர்கள் முடிவெடுப்பார்கள், நீங்கள் பயன்பெறுகிறவர், அவ்வளவுதான். நல்லபடி நடக்கிற அறக்கட்டளைகள் நிறைய உண்டு. ஆனால் நேரத்தை மாற்றச் சொல்லிக் கை தூக்கும் உரிமை சங்கத்தில்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால், மற்றவையெல்லாம் சமமாக இருக்கும்போது சங்கத்தில் சேரச் சொல்வேன். இன்னொரு விஷயம். 80ஜி சான்று இருக்கிறது, வரி மிச்சம் என்று சில இடங்களில் சொல்வார்கள். அது நன்கொடைக்கு, நீங்கள் கட்டுகிற மாதக் கட்டணத்துக்கு இல்லை.

மனவளக்கலை மன்றங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். வேதாத்திரி மகரிஷி 1958இல் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் வழியில் தமிழ்நாட்டின் ஊர்களில் அறக்கட்டளைகளாக நடக்கின்றன. கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று ஒரு வரிசை. கருவி எதுவும் வேண்டாம்; பாய் ஒன்று போதும். “அங்க போனா வேற சாமி கும்பிடணுமோ?” என்று என் மதினி தயங்கினாள். “உடற்பயிற்சி வகுப்புக்கு மட்டும் வாரேன்னு முதல்லயே சொல்லிருங்க மதினி” என்றேன். இதே கேள்வியைக் கோயில் வளாகத்தில் நடக்கிற வகுப்பைப் பற்றி வேற்று மதத்தாரும் கேட்க வேண்டும். எல்லா வீட்டாருக்கும் கதவு திறந்திருக்கிறதா என்பது பொது இடத்துக்கான அடிப்படைச் சோதனை.

அரசுப் பக்கம், 2016இல் அறிவித்த திட்டத்தில் 500 ஊராட்சிகளுக்கு அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் வந்தன. கூடத்துக்குப் பத்து லட்சம், பூங்காவுக்கு இருபது லட்சம். 2023 நவம்பர் 4இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள். 2024 பிப்ரவரி முதல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு. இவையெல்லாம் நம் வரிப்பணம். கட்டணம் இல்லாத இவற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு காசு கொடுக்கிற இடத்துக்குப் போங்கள்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் கடற்கரைக்காரியாக. உப்புக்காற்று இரும்பை வருஷக்கணக்கில் விட்டுவைக்காது. ஒரு மழைக்காலம் போதும், எடைத்தட்டு துருவேறிவிடும். கம்பிவடம் உள்ளுக்குள் இற்றுப்போய் வெளியில் பளபளப்பாக இருக்கும். எடையோடு அது அறுந்தால் விழுவது ஆளின் மேல். ஆகவே கூடத்துக்குள் போனதும் நான் வடங்களையும் பெஞ்சின் அடிப்பக்க வெல்டிங்கையும் பார்ப்பேன். எண்ணெய் விடுவது யார், கடைசியாக எப்போது என்று கேட்பேன். எங்கள் பக்கத்துக்கு மரமும் கயிறும் ரப்பரும்தான் உகந்தவை. கர்லாக்கட்டை துருப்பிடிக்காது. இளவட்டக்கல்லுக்குப் பராமரிப்பே இல்லை. தண்டாலும் பஸ்கியும் எந்தக் காற்றிலும் செய்யலாம். ஓடும் இயந்திரம் வாங்கக் காசு சேர்க்கிற சங்கத்தைப் பார்த்தால், அந்தக் காசில் நல்ல பயிற்சியாளரைப் போடுங்கள் என்று சொல்லத் தோன்றும். கடற்கரை முழுக்க ஓட இடம் கிடக்கிறது.

பயிற்சியாளர் பி.பி.எட். படித்தவராக இருந்தால் நிம்மதி. சான்றிதழை விட முக்கியம், முதல் நாள் அவர் என்ன கேட்கிறார் என்பது. பிரஷர், சர்க்கரை, பிரசவம், ஆபரேஷன், முழங்கால், விழுந்த வரலாறு என்று விசாரித்து எழுதிக்கொள்கிறவர் நல்லவர். வந்தவுடன் எடையைத் தூக்கச் சொல்கிறவரை விட்டு விலகுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எடை இயந்திரத்தில் உட்கார வைத்து அளவு ஏற்றிக்கொண்டே போகிற இடம் வேண்டவே வேண்டாம். அந்த வயதுக்கு ஓட்டம், தாவல், தொங்கல், பந்து.

பெண்களுக்கான நேரம் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் ஜன்னலோரம் ஆண்கள் நின்றால் யாரும் வர மாட்டார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, திரும்பி வரும் தெருவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கைப்பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு ஒரு மூலையும் வேண்டும், பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாகக் கதவை அடைத்துக்கொண்டு பயிற்சி தருவது எந்த இடத்திலும் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்; பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்ற விதி இருக்க வேண்டும்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் பிள்ளையின் கண் மட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். “நாங்க எல்லாரும் ஒரே ஊர்க்காரங்கதானே” என்று பதில் சொன்னால், எழுதி வைத்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நீச்சலைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது எனக்கு மிகவும் வேண்டிய விஷயம். கடலோரத்தில் பிறந்த ஆண் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு தண்ணீரில் விழுந்து நீந்தக் கற்றுக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறோம். 2004 சுனாமியில் கடலூர்ப் பக்கம் இறந்தவர்களில் ஆண்களை விடப் பெண்களே மிக அதிகம். நீந்தத் தெரியாததும், சேலை தடுத்ததும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்ததும் காரணங்கள் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கம் இலங்கையின் மறைவு இருந்ததால் அன்று தப்பித்தோம். கடலோரத்தில் குடும்பங்களுக்காக நடக்கிற எந்த அமைப்பும் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தராவிட்டால் அதன் வேலையில் பாதி பாக்கி இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஊராட்சி இடத்தில் கேட்க வேண்டுமென்றால் அதற்கு வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. மீனவ ஊர்களுக்கு மே 1தான் தோதான நாள். தடைக்காலத்தின் நடுவில் வருவதால் ஆண்களும் கரையில் இருப்பார்கள், வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து போய் உட்காரலாம். எங்கள் தெருப் பெண்கள் அந்தச் சபைக்கென்று மனு எழுதி வைத்திருக்கிறோம். பள்ளி நாட்களில் காலை பத்து மணிக்குப் பெண்களுக்கு ஒரு பொது இடம், பெரியவர்கள் பிடித்து நடக்க அங்கே சுவரோரமாக ஒரு மரக் கைப்பிடி, தடைக்கால 61 நாளும் பெண் பிள்ளைகளுக்கு அம்மாமார் முன்னிலையில் நீச்சல். சொல்லிக்கொடுக்க ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படகு கட்டிக் கிடக்கிற நாட்களில் தானும் வருவதாக என் தம்பி பேர் கொடுத்திருக்கிறான்.